உப்பைச் சுற்றி நின்றவர்கள்

கல்லுக்கும் தண்ணீருக்கும் வாய் இருந்த காலம் அது. அந்த வாய் எப்போது போயிற்று, ஏன் போயிற்று என்பதெல்லாம் வேறு கதை. இங்கே வேண்டாம்.

அந்தக் காலத்தில் கடல் கரிக்காது. கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். மாடு இறங்கிக் குடிக்கும். கொக்கு குடிக்கும்.

அந்தக் கடலில் நீர்க்குடி வாழ்ந்தது. நீர்க்குடியில் ஆண் கிடையாது. எல்லோரும் தாய்மார்கள். ஒவ்வொருத்திக்கும் இரண்டு பிள்ளைகள். இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் தொற்றிக்கொண்டிருக்கும். கூடவும் பிறக்காது, குறையவும் பிறக்காது. ஏன் என்றால், அப்படித்தான். ஆள் ரொம்பச் சிறிசு. ஒரு பனித்துளிக்குள் ஒரு நாட்டுச் சனம் குடியிருக்கும்.

அவர்கள் நின்ற முறையைச் சொல்ல வேண்டும். ஒருத்தியின் பிள்ளை கையை நீட்டிப் பக்கத்தில் நிற்பவளின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். அவள் பிள்ளை அடுத்தவளின் முந்தானையைப் பிடிக்கும். இப்படியே கடல் முழுக்க. பிடி மாறிக்கொண்டே இருக்கும். இதை விட்டு அதைப் பிடிக்கும், அதை விட்டு இதைப் பிடிக்கும். பிள்ளைகள்தானே. ஆனால் பிடியே இல்லாமல் நிற்கக் கூடாது. பிடி இல்லாதவளை வெயில் பிள்ளைகளோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். மேலே போனவள் அங்கே தனியாக அலைவாள். பிடிக்க முந்தானை கிடையாது. பேச முகம் கிடையாது.

அப்படி ஒருத்தி போனால் நீர்க்குடியில் அழ மாட்டார்கள். கல்நெஞ்சு என்று நினைக்க வேண்டாம். அழ நேரமே இருக்காது. அவள் நின்ற இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தால்தானே பார்த்து அழ முடியும்? நீருக்குள் பள்ளம் நிற்காது. இந்தப் பக்கத்தவளும் அந்தப் பக்கத்தவளும் நெருங்கி நிற்பார்கள். மூடிக்கொள்ளும். முடிந்தது.

வடிவு என்பவள் அந்தக் குடியில் ஒருத்தி. பிள்ளைகள் பட்டு, ராக்கு. பட்டு வாயாடி. ராக்கு வாயைத் திறக்காது. வடிவுக்கு ஒரு அக்காள், முப்பிடாதி. ஒரு தங்கை, கோமு. தங்கை இருந்தாள் என்று சொல்ல வேண்டும். ஒரு கோடையில் கோமுவின் பிள்ளை வடிவு முந்தானையைப் பிடித்திருந்தது. பட்டு ஏதோ கேட்டாள் என்று வடிவு திரும்பினாள். முந்தானை நழுவியது. வெயில் அள்ளிக்கொண்டது. பள்ளம் மூடிக்கொண்டது.

அதிலிருந்து முப்பிடாதி வடிவோடு பேசுவதில்லை. தன் பிள்ளைகளை அவள் முந்தானையைத் தொட விடுவதும் இல்லை. மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வடிவு பக்கத்தில் வந்தால் தங்கள் பிள்ளைகளை வேறு பக்கம் பிடிக்கச் சொல்வார்கள். பிடி விட்டவள் என்று பெயர் விழுந்தது விழுந்ததுதான். வடிவு வாய் திறக்கவில்லை. மூடிக்கொண்ட பள்ளம் அவளுக்குள் மட்டும் மூடவில்லை. அதை எங்கே போய்ச் சொல்வது? அந்தக் குடியில் அதற்கு வழக்கமே இல்லை.

இனி மணி. அந்தக் காலத்தில் பிறக்கிற எல்லாவற்றுக்கும் கழுத்தில் மணி உண்டு. உயிருக்குக் குளிர்ச்சியே அந்த மணிதான். நீர்க்குடிப் பிள்ளைக்கு ஆளுக்கு ஒரே மணி. சின்னது தொலைத்துவிடும் என்று தாய் அதைத் தன் மடிப்பக்கம் இழுத்து வைத்துக்கொள்வாள். முழுசாகப் பிடுங்கிக்கொள்ளவும் மாட்டாள், முழுசாக விட்டுவிடவும் மாட்டாள். ஒரே கயிறு, இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் பிள்ளை. மணி தாய்ப்பக்கம் சரிந்து கிடக்கும். அதனால் தாய் மடி எப்போதும் குளுகுளு என்று இருக்கும். பிள்ளையின் கழுத்து கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும்.

விருந்தாளி வந்தால் நீர்க்குடியில் பிள்ளையைத்தான் முன்னால் நீட்டுவார்கள். தாய் பின்னால் நிற்பாள். அதுதான் மரியாதை. பிள்ளை முகத்தைப் பார்த்து எவனும் முறைக்க மாட்டான் என்று அவர்கள் நம்பினார்கள்.

கரைமேல் ஒரு கோட்டை இருந்தது. வெள்ளைக் கோட்டை. நான்கு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேர். கல்லால் கட்டியது இல்லை. ஆட்கள் கைகோத்து வரிசை வரிசையாக நின்றதுதான் கோட்டை. அதில் இரண்டு வகை ஆட்கள். கொடுத்தவர்கள், வாங்கினவர்கள். கொடுத்தவனுக்குப் பக்கத்தில் வாங்கினவன். வாங்கினவனுக்குப் பக்கத்தில் கொடுத்தவன். மேலேயும் அப்படி, கீழேயும் அப்படி.

என்ன கொடுத்தார்கள்? மணிதான். ஒரு சாராருக்குச் சரம் நிறைந்தது போக ஒரு மணி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு சாராருக்குச் சரத்தில் ஒரு மணி இடம் காலியாக இருந்தது. உனக்கு மிச்சம், எனக்குக் குறை, கொடு என்றார்கள். இந்தா என்று கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் சரம் அழகாக அமைந்துவிட்டது. பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

கொடுத்த பிறகுதான் தெரிந்தது. மணி தொங்கிய இடத்தில் ஒரு குழி விழுந்து கனன்றது. ஆற்ற முடியாத கனல். வாங்கினவனுக்கும் சுகமில்லை. அடுத்தவன் மணி கழுத்தில் கனத்தது. திருப்பிக் கொடுத்தால் சரம் உடையும். திருப்பிக் கேட்பதோ அவர்களிடம் வழக்கம் இல்லை. ஆகவே கொடுத்தவன் தன் மணிக்குப் பக்கத்தில் போய் நின்றான். பார்த்துக்கொண்டாவது இருக்கலாமே. அப்படி நின்றதுதான் கோட்டை. அது பாசமும் இல்லை, பகையும் இல்லை. விட்டு நகர முடியவில்லை, அவ்வளவுதான்.

கோட்டையின் மூலையில் இருளப்பன் நின்றான். கொடுத்தவன். நடுவில் நிற்பவனைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆள் இருக்கும். மூலையில் நிற்பவனுக்கு ஏது? பிடி குறைவு. அவன் மணியை வாங்கினவன் கொம்பையா. இருளப்பனுக்கு ஒட்டி நின்றவன்.

ஒருநாள் கடல் பொங்கியது. ஓர் அலை கோட்டை மூலையில் மோதியது. இருளப்பன் உதிர்ந்தான்.

அதற்கு முன்பும் உதிர்ந்திருக்கிறார்கள். உதிர்ந்தவன் அலறுவான். நீர்க்குடி விலகி நிற்கும். கோட்டை அவனைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆனால் இந்த முறை அலை பெரிசு. இருளப்பனைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்துப் பாறைக் குழியில் கொட்டியது. அதோடு கடல் உள்வாங்கிவிட்டது. குழி தனியாக மாட்டிக்கொண்டது. உள்ளே கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சனம். வடிவு இருந்தாள். முப்பிடாதியும் இருந்தாள். சுற்றிலும் பாறை. மேலே வெயில். கடல் மறுபடி ஏறும்வரை யாரும் எங்கேயும் போக முடியாது.

இருளப்பன் குழியின் நடுவில் கிடந்து அலறினான். கழுத்துக் குழி கனன்றது. அந்தக் கனல் தண்ணீரை உலுக்கியது.

"விருந்தாளி வந்திருக்கான். கூப்பிடுவோம். பிள்ளை முகத்தப் பாத்தா அடங்குவான்" என்றாள் முப்பிடாதி. அந்தச் சனத்தில் அவள் சொன்னால் நடக்கும்.

எல்லோரும் பிள்ளைகளை முன்னால் நீட்டிக்கொண்டு அவனிடம் போனார்கள்.

அவன் பிள்ளைகளைப் பார்த்தான். முகம் கோணியது.

"கொண்டு போங்க! பிள்ளைகள அந்தப் பக்கம் கொண்டு போங்க!" என்று கத்தினான். கையைக்கூடத் தூக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் நெட்டித் தள்ளின மாதிரிப் பின்னால் போய் விழுந்தன. தாய்மார்கள் தடுமாறினார்கள். குழந்தைகள் வீரிட்டன.

"பிள்ளையத் தள்ளுறானே, பாவி!" என்றாள் ஒருத்தி.

"இவன் வீட்டுல பிள்ளையே பிறந்ததில்ல போல" என்றாள் இன்னொருத்தி.

"பிறந்திருந்தாத்தான் இந்த மூஞ்சிக்குப் பக்கத்துல வருமா?" என்றாள் முப்பிடாதி. "விடுங்க. மரியாதை தெரியாத சவத்துக்கு மரியாதை எதுக்கு? எல்லாரும் ஓரத்துக்கு வாங்க. நெருக்கி நில்லுங்க. கடல் வந்ததும் நம்ம வழியப் பாத்துட்டுப் போவோம்."

ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். நடுவில் இருளப்பன் மட்டும். அவனைச் சுற்றி வெறும் வட்டம். நீருக்குள் ஒரு பள்ளம் மூடாமல் நின்றது அன்றைக்குத்தான்.

வடிவு அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இடம் கூட்டத்தின் விளிம்பு. வழக்கமான இடம்தான். அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். அவன் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தான்.

"எய்யா," என்று கூப்பிட்டாள். "பிள்ளைக உன்னை என்ன செஞ்சது?"

"ஒண்ணும் செய்யல தாயி."

"பிறகு ஏன் விரட்டுன?"

"நான் விரட்டல. அந்தக் கழுத்துகளப் பாக்க முடியல. வெறிச்சுனு இருக்கு. என் கழுத்து மாதிரியே இருக்கு. பாத்ததும் இங்க இன்னும் எரியுது."

"உன் மணி எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாராவது பிடுங்கினாங்களா?"

"இல்ல தாயி. கேட்டான். எனக்கு மிச்சந்தானேனு குடுத்தேன். சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தேன்."

"திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?"

"எங்க பக்கம் குடுத்ததக் கேக்க மாட்டோம். பக்கத்துல நின்னு பாத்துக்கிடுவோம். இப்ப அதுவும் இல்லாமப் போச்சு."

அப்போது தூரத்தில் கோட்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இருளப்பா! ஏலே, இருளப்பா! எங்கலே கிடக்க?" கொம்பையா. அவன் குரலும் சரியில்லை.

குரல் கேட்டதும் இருளப்பன் துள்ளினான். பாறையில் போய் முட்டினான். முட்டித் திரும்பினான், மறுபடி முட்டினான். குழித் தண்ணீர் முழுக்க அதிர்ந்தது. ஓரத்தில் நின்றவர்களின் பிடிகள் நழுவின. மேலே நின்ற ஒருத்தியை வெயில் அப்படியே அள்ளிக்கொண்டு போயிற்று. அவள் போட்ட சத்தம்கூட முழுசாகக் கேட்கவில்லை. பள்ளம் மூடிக்கொண்டது.

"இவன் அடங்கலன்னா ஒருத்தியும் மிஞ்ச மாட்டோம்" என்றாள் முப்பிடாதி. 

வடிவு தன் மடியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அவனுக்கு இல்லாதது இங்கே இருக்கிறது. எடுத்துக் கொடுக்க முடியாது. அது பிள்ளைகளின் மணி. ஆனால் கிட்டத்தில் நிற்கலாமே. எப்படி நிற்பது? பிள்ளை முன்னால் இருந்தால் அவன் துடிக்கிறான். அப்படியானால் பிள்ளைகளைப் பின்னால் விட்டுவிட்டு, மடியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு போக வேண்டும். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நீர்க்குடியில் யாரும் அப்படி நின்றதில்லை. முதுகு காட்டுவது என்றால் உறவு வேண்டாம் என்று சொல்வது. அதுகூடப் பரவாயில்லை. பிள்ளைகள் பின்னால் போய்விடும். அவள் கண்ணுக்குத் தெரியாது. நீட்டின கையை யார் பிடிப்பார்கள்? யாரும் பிடிக்கவில்லை என்றால் வெயில் மூன்று பேரையும் கொண்டு போய்விடும்.

அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது முப்பிடாதிக்குப் புரிந்துவிட்டது. அக்காள் அல்லவா. அந்தக் கோடைக்குப் பிறகு முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"ஏளா வடிவு. திரும்பாத."

"அக்கா, அவன் கழுத்து எரியுது."

"எரியட்டும். அவன் யாரு உனக்கு? திரும்பினா பிள்ளைக வெளிய போயிரும். யாரு பிடிப்பா அதுகள?"

"நீ பிடி."

முப்பிடாதி கசப்பாகச் சிரித்தாள். "கோமு பிள்ளையை விட்டவளோட பிள்ளைய நான் பிடிக்கணுமாக்கும்? நல்லா இருக்குளா நியாயம்!"

 அது உண்மைதானே. வடிவு பட்டுவையும் ராக்குவையும் ஒரு தடவை முகர்ந்தாள்.

"கையை நீட்டியே வச்சுக்கிடுங்க. மடக்காதிய" என்றாள்.

"யாரம்மா பிடிப்பா?" என்று பட்டு கேட்டாள்.

"நீட்டு."

திரும்பினாள்.

கூட்டத்துக்கு முதுகு. பிள்ளைகள் பின்பக்கம். மடியும் முகமும் இருளப்பன் பக்கம். அந்த வெறும் வட்டத்துக்குள் நுழைந்தாள். கனல் முகத்தில் அடித்தது. நிற்கவில்லை. இன்னும் நெருங்கினாள். அவன் கழுத்துக் குழிக்கு நேராகத் தன் மடி வரும்வரை நெருங்கினாள். அங்கே போய் நின்றாள்.

இருளப்பன் அலறிக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்தினான்.

"தாயி," என்றான். "இது என்ன தாயி?"

"பேசாத. நில்லு."

கனல் முழுசாக அடங்கவில்லை. ஒரு பக்கம் தணிந்தது. ஒருத்தி நின்றால் ஒரு பக்கம்தானே. மற்றப் பக்கமெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவன் பாறையில் முட்டுவதை விட்டான்.

வெயில் குனிந்து பார்த்தது. பிடி இல்லாத இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. விடுமா?

"அம்மா, ஒருத்தரும் இல்லம்மா" என்றாள் பட்டு. "அம்மா, தூக்குதும்மா."

வடிவின் கால் மேலே எழும்பியது. திரும்பிவிடலாம். திரும்பி, யார் முந்தானையையாவது இழுத்துப் பிள்ளைகள் கையில் திணித்துவிடலாம். திரும்பினால் பிள்ளைகள் அவன் முன்னால் வந்துவிடும். அவன் மறுபடி துடிப்பான். குழி முழுக்க அதிரும். அத்தனை பேர் பிடியும் போகும். ஒரு தடவை திரும்பினதில்தான் கோமு போனாள்.

அவள் திரும்பவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

அதுவரை வாயே திறக்காத ராக்கு திறந்தாள். "பெரியம்மா" என்றாள். ஒரே ஒரு தடவை.

முப்பிடாதி நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்தாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முந்தானையை எடுத்து ராக்குவின் முகத்தில் அடித்த மாதிரி வீசினாள்.

"பிடிச்சுத் தொலைங்களா சனியன்களா! கெட்டியாப் பிடிங்க! உங்க ஆத்தாளுக்குத்தான் புத்தி இல்ல, உங்களுக்குக் கையும் இல்லையா?"

பட்டு பிடித்தாள். ராக்கு பிடித்தாள். வடிவின் கால் மறுபடி தண்ணீருக்குள் இறங்கியது.

வெயில் இழுத்துப் பார்த்தது. ஒரு பக்கம் இருளப்பனின் பிடி, ஒரு பக்கம் முப்பிடாதியின் முந்தானை. வரவில்லை. கையை எடுத்துக்கொண்டது.

அக்காள் போனதைப் பார்த்து இன்னொருத்தி போனாள். பிள்ளைகளைப் பின்னால் விட்டாள். மடியை இருளப்பன் பக்கம் திருப்பினாள். அவனுக்கு இன்னொரு பக்கம் தணிந்தது. பிறகு இன்னொருத்தி. அவனை ஒட்டி ஆறு பேர்வரை நிற்க இடம் இருந்தது. ஆறு பேரும் முகம் உள்ளே, பிள்ளைகள் வெளியே. ஒருத்தி தோள் இன்னொருத்தி தோளில் பட்டது. வெளியே நீட்டின பிள்ளைகளின் கைகளைப் பிடிக்க மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் கைகளைப் பிடிக்க இன்னும் சிலர். யாரும் யாரையும் நிறுத்தி வைக்கவில்லை. கை நீண்டிருந்தால் பிடிக்கத்தான் தோன்றும்.

கொம்பையாவின் குரல் மறுபடி வந்தது. இத்தனை பேரைத் தாண்டி வரும்போது அது மெலிந்து போயிற்று. இருளப்பன் காதில் விழுந்தது. ஆனால் இழுக்கவில்லை.

மணி திரும்பக் கிடைக்கவில்லை. குழி குழியாகத்தான் இருந்தது. எரிச்சல் மட்டும் இல்லை. இருளப்பன் மூச்சு விட்டான். மணியைக் கொடுத்த நாளிலிருந்து அவன் சுற்றி நிற்பவர்களைப் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தான். முதலில் வந்தவளின் முகத்தைப் பார்த்தான்.

"தாயி, உனக்கு யாரு போனா?" என்று கேட்டான்.

நீர்க்குடியில் இப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. வடிவு வாயைத் திறந்தாள். 

"தங்கச்சி" என்றாள். "கோமு. அவ பிள்ளை என் முந்தானையைத்தான் பிடிச்சிருந்தது. நான் திரும்பிட்டேன்."

சொன்னதும் தோள் குலுங்கியது. பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றவளுக்கும் அது தெரிந்தது. பிள்ளைகளின் கை வழியாகப் பின்னால் நின்ற முப்பிடாதிக்கும் தெரிந்தது.

முப்பிடாதி பிள்ளைகளின் கைக்குள் முந்தானையை இன்னும் கொஞ்சம் திணித்தாள். பிறகு, "பிள்ளை கூப்பிட்டா எந்தத் தாயும்தான் திரும்புவா" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. வடிவுக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னாள். அதன் பிறகு அவளும் கோமு பெயரைச் சொல்லி அழுதாள். கூட்டம் கலையாமல் நின்றது. கொஞ்ச நேரம் முன்னால் வெயில் கொண்டுபோனாளே, அவள் பெயரையும் யாரோ சொன்னார்கள். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். எத்தனை பெயர்கள்! இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தார்களோ.

கடல் ஏறியது. பாறைக் குழி நிறைந்தது. வழி திறந்தது.

அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. இருளப்பனை நடுவில் வைத்துக்கொண்டு அப்படியே நகர்ந்தார்கள். கூட்டத்தோடு நடப்பவன் வேகமாக நடக்க முடியுமா? மெதுவாகத்தான் போனார்கள். நடுவழியில் ஒருத்தி களைத்து விலகினாள். இன்னொருத்தி அந்த இடத்துக்கு வந்தாள். இடம் காலியாக விடவில்லை.

கோட்டை அடிவாரத்துக்கு வந்தபோது கொம்பையா பார்த்தான்.

"ஏலே இருளப்பா! உனக்கு எரியலையா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாதலே."

"இறங்கித்தான் பாரேன்."

கொம்பையா இறங்கினான். இறங்கினான் என்ன, அவனும் மூலைப்பக்கம்தானே, பிடி விட்டுப்போன ஆள், விழுந்தான். தண்ணீரில் விழுந்ததும் தாய்மார்கள் இருளப்பனுக்குச் செய்த மாதிரியே மடியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அவனுக்கு ஆகவில்லை. ஏற்கெனவே கழுத்து கொள்ளாத கனம், அதற்கு எதிரே இன்னும் மணிகளா? "தள்ளிப் போங்கம்மா!" என்றான். ஆனால் பின்னால் இருந்த பிள்ளைகள் அவன் கழுத்தைப் பார்த்துவிட்டன. பட்டுதான் முதலில் கையை நீட்டினாள். வெறிச்சென்ற கழுத்துக்காரப் பிள்ளைகள் எல்லாம் கையை நீட்டின. வெறுங்கழுத்துகள் எதிரே நின்றதும் கொம்பையாவுக்குக் கழுத்துக் கனம் குறைந்தது, முகம் மலர்ந்தது. பிள்ளைகள் அவன் பக்கம், தாய்மார்கள் பின்னால். அவனைச் சுற்றியும் ஒரு கூட்டம் நின்றது.

இரண்டு கூட்டங்களும் கடலில் ஒன்றையொன்று கடந்தன.

"சுகமாலே?"

"சுகந்தாண்ணே. மணி நல்லா இருக்கா?"

"இருக்கு. பாத்துக்கிடுதேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஒருவன் இந்தப் பக்கம் போனான், ஒருவன் அந்தப் பக்கம் போனான். ஒட்டியே நிற்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

பார்த்துக்கொண்டிருந்த கோட்டைக்காரர்கள் மூலை மூலையாக, வரிசை வரிசையாக இறங்கினார்கள். கோட்டை கரைந்தது. பொழுது சாயும்போது கரைமேல் ஒன்றும் இல்லை. கடலில்தான் எல்லோரும் இருந்தார்கள்.

கடல் கரித்தது. மாடு வாய் வைத்துவிட்டுத் துப்பியது. கொக்கு திட்டியது. கரையில் இருந்தவர்கள் எல்லாம் வடிவு கடலைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். நல்ல தண்ணீர் அன்றோடு போயிற்று, அது உண்மை. திரும்பக் கிடைக்கவும் இல்லை. வடிவு அதற்கு என்ன சொன்னாள் என்று தெரியாது. முப்பிடாதி சொன்னது தெரியும். "குடிக்கக் கிணறு தோண்டுங்க. அழ எங்க போவீங்க?" என்றாளாம்.

செய்தி மற்றக் கோட்டைகளுக்கும் போயிற்று. வேறு வேறு நிறக் கோட்டைகள், வேறு வேறு ஆட்கள். சிலர் இறங்கினார்கள். சிலர் இன்றைக்கும் இறங்க மாட்டேன் என்று கல்லாக நிற்கிறார்கள். அது அவர்கள் பாடு. இறங்கினவர்களில் கொடுத்தவன் எவனாக இருந்தாலும் கூட்டம் அப்படியேதான் நின்றது. பெரிய உடம்புக்காரன் என்றால் கொஞ்சம் தளர்வாக நிற்பார்கள். சின்ன உடம்புக்காரன் என்றால் இறுக்கி நிற்பார்கள். சின்ன உடம்பில் அதே குழி அதிகமாக எரியும். அதனால்தான் சிறியவன் பெரிய கூட்டத்தை இழுத்துக்கொண்டு பெரியவனைவிட மெதுவாக நடக்கிறான்.

வெயில் மட்டும் இன்னும் விடவில்லை. உப்பளத்துப் பாத்தியில் தண்ணீரைக் கட்டி வைத்தால் ஒவ்வொருத்தியாக அள்ளிக்கொண்டு போகிறது. வெறும் தண்ணீரை அள்ளுகிற மாதிரிச் சுலபமாக அள்ள முடியாது. இழந்தவனைச் சுற்றி நிற்பவள் லேசில் இடத்தை விட மாட்டாள். கடைசியில் அவளும் போன பிறகு கொடுத்தவனும் வாங்கினவனும் மறுபடி நேருக்கு நேர் நிற்கிறார்கள். கழுத்து எரிகிறது. கைகோக்கிறார்கள். வெள்ளையாகக் கோட்டை எழும்புகிறது. அதைத்தான் வாரி மூட்டை கட்டிக் கொண்டுவந்து சோற்றில் போடுகிறோம். சோற்றில் போட்டதும் தண்ணீர் சூழ்கிறது; மறுபடி பிரிகிறார்கள்.

வடிவு என்ன ஆனாள் என்று கேட்பார்கள். எல்லோரும் போல ஒருநாள் அவளும் மேலே போயிருப்பாள். மழையாக இறங்கியிருப்பாள். எந்த உப்பைச் சுற்றி இப்போது நிற்கிறாளோ.

கண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அந்தத் துளிக்குள்ளும் இழந்தவன் நடுவில் நிற்கிறான். தாய்மார்கள் முகத்தை அவன் பக்கம் வைத்து, பிள்ளைகளைப் பின்னால் விட்டு, அந்தப் பிள்ளைகளை யாராவது பிடிப்பார்கள் என்று நம்பி நிற்கிறார்கள். பாறைக் குழியில் வடிவு திரும்பின அன்றைக்குத் தொடங்கினதுதான் இது.